பக்கத்து வீட்டு ரேடியோ

நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ரேடியோ வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரரிடம் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். அமெரிக்கா வரை போய் அதே சண்டையைப் போட்டு, தலைகுனிந்து நின்ற கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2024 மார்ச்சில் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மா இருந்திருந்தால் அம்மா போயிருப்பாள். இல்லாததால் நான் கிளம்பினேன். என்னிடம் இருந்தது பிளஸ் டூ வரை படித்த இங்கிலீஷும், ஒரு பெட்டி நிறையப் பிரசவ சாமான்களும்தான். தங்கை இருப்பது வாஷிங்டன் நகரத்தில், லெட்ராய்ட் பார்க் என்ற பகுதியில். வெள்ளை மாளிகையிலிருந்து மூன்று மைலுக்குள்தான். செங்கல் வீடுகள், நம் ஊர்ப் பழைய தெருக்களைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வாசலில் திண்ணை மாதிரி ஒரு முன்கட்டு, அதில் நாற்காலி. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஆனால் போன இரண்டாம் நாளே தங்கை என் ஆசையில் மண்ணைப் போட்டாள். "அக்கா, இது முன்னாலே முழுக்கக் கறுப்பர்கள் இருந்த ஏரியா. இப்போ எல்லாம் மாறிட்டுது. இருந்தாலும் சாயங்காலத்துக்கு மேலே தனியா வெளியே போகாதே" என்றாள்.

யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாரும்தான் சொல்றாங்க" என்றாள். எல்லாரும் சொன்னால் போதாதா? கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வாசல் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துப் பூட்டினேன்.

இடது பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பின அம்மாள் தனியாக இருந்தார். எழுபத்தெட்டு வயது. நிமிர்ந்த நடை. காலையில் வாசல் படிகளைத் தானே கழுவிவிடுவார். என்னைப் பார்த்தால் தலையை அசைத்து "குட் மார்னிங்" என்பார். நானும் பதிலுக்கு ஒரு "குட் மார்னிங்" போட்டுவிட்டு வேகமாக உள்ளே போய்விடுவேன்.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை. குழந்தைக்கு மூன்று வாரம். ராத்திரி முழுக்கக் கத்திவிட்டு அப்போதுதான் கண் மூடியிருந்தான். தங்கையும் அசந்துவிட்டாள். சர்ச்சுக்குப் போய் வந்த அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோவில் பக்திப் பாட்டு வைத்தார். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! விறுவிறு என்று போய், "பேபி ஸ்லீப்பிங். ரேடியோ, ப்ளீஸ்!" என்று விரலை ஆட்டிச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. குமிழைத் திருகி ரேடியோவை நிறுத்தினார். நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ரேடியோ பாடவில்லை. அவர் திண்ணைக்கே வரவில்லை. 'அப்பாடா, ஒரு சொல்லில் திருந்திவிட்டார்' என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்றால் பாருங்கள், என் புத்தியை!

ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. அந்த அம்மாள் வெள்ளை உடையும் தொப்பியுமாகப் பேரனுடன் எங்கேயோ கிளம்பினார். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையாம். என்ன பண்டிகை என்று தங்கைக்கும் தெரியவில்லை. அந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

அந்த மாதக் கடைசியில் குழந்தை எங்களைப் பாடாய்ப் படுத்தினான். சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஆரம்பிப்பான். ஒன்பது வரை வீல் வீல் என்று அழுகை. காலை மடக்கி முகம் சிவந்து அழுகிறதைப் பார்த்தால் பெற்ற வயிறு என்ன, பார்த்த வயிறே கலங்கும். நான் பெட்டியிலிருந்து உரைகல்லை எடுத்து வசம்பை உரைத்து, தேனில் குழைத்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள்!

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "பிள்ளை சத்தம் போடுது, நிறுத்து" என்று விரலை ஆட்டினால் நான் என்ன பதில் சொல்வேன்?

அவர் கேட்டதோ வேறு. "ஜுரம் இருக்கா? பால் ஒழுங்காக் குடிக்கிறானா? துணி எத்தனை தடவை நனைக்கிறான்?" எல்லாம் சரியாக இருக்கிறது என்றதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலையை உள்ளங்கையில் தாங்கி, முதுகை மெள்ளத் தடவிக்கொண்டே கூடத்தில் நடந்தார். பத்து நிமிஷத்தில் அழுகை முனகலாயிற்று.

நாற்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவராம். கிண்ணத்தில் என்ன என்று கேட்டார். சொன்னேன். கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் வேண்டாம். தேன், ஒரு வயசு ஆகிற வரைக்கும் தொடவே கூடாது. அதிலே இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் குடல்லே விஷமாயிடும். இந்த அழுகை மூணு நாலு மாசத்திலே தானா நிக்கும். தூங்க வைக்கிறப்போ மட்டும் மல்லாந்து படுக்க வை" என்றார். இளம் தாய்மார்களே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ரேடியோவுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"குழந்தை தூங்குதுன்னு சொன்னே. அது நியாயம். ஆனா நீ சொன்ன விதம், ஏதோ நான்தான் உன் வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது. நான் இந்தத் திண்ணையிலே 1951-லேருந்து உட்கார்ந்திருக்கேன்."

அன்றிலிருந்து எங்களுக்குள் பழக்கம். அவரை நான் "அம்மா" என்றே கூப்பிட்டேன். குழந்தை தூங்குகிற மத்தியான நேரங்களில் நான் அவர் திண்ணைக்குப் போய்விடுவேன். காய் நறுக்கிக்கொண்டே பேசுவோம். வெண்டைக்காய்! எங்கள் ஊர்க் காய் என்றேன். "எங்களோடு ஆப்பிரிக்காவிலேருந்து வந்த காய்" என்று அவர் சிரித்தார். வருஷப் பிறப்பன்று காராமணியும் சோறும் சேர்த்து ஆக்குவார்களாம், அதிர்ஷ்டத்துக்கு. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானாம்.

ஏப்ரல் 16 என்ன விசேஷம் என்று கேட்டேன். 1862-ல் அதே தேதியில்தான் வாஷிங்டன் நகரத்து அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. சுமார் 3,100 பேர். லிங்கனின் பெரிய விடுதலைப் பிரகடனத்துக்கு எட்டரை மாதம் முன்னாலேயே. இதில் ஒரு கொடுமை கேளுங்கள்: ஒரு அடிமைக்கு 300 டாலர் வரை நஷ்ட ஈடு கொடுத்தார்கள். யாருக்கு? ஆயுசு முழுக்க உழைத்தவருக்கு இல்லை, அவரை வைத்திருந்த எஜமானனுக்கு!

அந்த அம்மாளின் அப்பா வழிப் பாட்டியின் கதை இன்னும் சுவாரஸ்யம். சரியாகச் சொன்னால் அப்பாவுடைய பாட்டி. உள்நாட்டுப் போர் முடிந்து 1867-ல், ஊருக்குத் தென்கிழக்கே அனகோஸ்டியா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாரி ஃபார்ம் என்ற 375 ஏக்கர் நிலத்தை அரசாங்க இலாகா ஒன்று வாங்கியது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு ஏக்கர் மனையும், சின்ன வீடு கட்டுகிற அளவுக்கு மரமும் தவணையில் விற்றார்கள். பகல் முழுக்க நகரத்தில் கூலி வேலை. இருட்டிய பிறகு ஆற்றைக் கடந்து வந்து ஆண்கள் ஆணி அடிப்பார்கள். பெண்களும் குழந்தைகளும் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பாட்டி அப்போது பதினேழு வயதுப் பெண். தூக்கக் கலக்கத்தில் கை தாழ்ந்தால், "வெளிச்சம், வெளிச்சம்" என்று தகப்பனார் குரல் கொடுப்பாராம். ஐந்து தலைமுறையாக அந்த வீட்டில் இன்னும் இந்தச் சொல் இருக்கிறது. யாராவது சோர்ந்து உட்கார்ந்தால் "வெளிச்சம்!" என்பார்களாம்.

அப்படிக் கட்டிய வீடு என்னவாயிற்று? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-களில், ராணுவ விமானத் தளங்களுக்கு இடையே பெரிய சாலை போட்டார்கள். அது அந்தக் குடியிருப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு போயிற்று. இவர்கள் வீடும் போய்விட்டது. வாடகை வீடு வாடகை வீடாக அலைந்து, 1951-ல்தான் லெட்ராய்ட் பார்க்கில் இந்த வீட்டை வாங்கினார்கள். அப்போது இவருக்கு ஐந்து வயது.

வாங்கிய பணத்தில் பாதி அவர் அம்மாவுடையது. அந்த அம்மா கரோலினாவிலிருந்து சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்கு ரயிலேறி வந்தவர். அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்கள் எஜமானி வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுத்த சீருடையைப் போட்டுக்கொண்டு, ராத்திரி பகல் பாராமல் உழைத்தார்களாம். பிறகுதான் ஒவ்வொருத்தராக, காலையில் போய் சாயங்காலம் தன் வீட்டுக்குத் திரும்புகிற வேலைக்கு மாறினார்கள். வேலைக்கு உடுத்தும் சொந்தத் துணியை ஒரு பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பைக்கு 'சுதந்திரப் பை' என்று பெயர்! இந்தப் பெண்கள் தங்களுக்குள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேமிப்புச் சங்கம் நடத்தினார்கள். "நாங்க சீட்டுன்னு சொல்லுவோம்" என்றேன். என் அம்மா சீட்டுப் பிடித்துத்தான் எனக்குத் தோடு வாங்கினாள். அவர் அம்மா வீடே வாங்கிவிட்டார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தத் தெருக்களே ஒரு காலத்தில் வெள்ளையர்களுக்கு மட்டும்தானாம். 1870-களில் கட்டியவர்கள் சுற்றிலும் வேலி போட்டார்கள். பக்கத்திலேயே 1867-ல் தொடங்கிய ஹாவர்ட் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்கள் படித்த இடம். அவர்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். 1888-ல் ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஜனங்கள் வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். மறுபடியும் வேலி போட்டார்கள். சில வருஷங்களில் அது அடியோடு ஒழிந்தது. கறுப்பின வாத்தியார்களும் டாக்டர்களும் வக்கீல்களும் குடிவந்தார்கள்.

ஒரு நாள் என்னை டி தெருவுக்கு அழைத்துப் போய் ஒரு பழைய வீட்டைக் காட்டினார். மேரி சர்ச் டெரல் என்ற மாதரசி வாழ்ந்த வீடு. 1950-ல், தம் 86-ம் வயதில், அவர் சில நண்பர்களோடு ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார். கறுப்பர் என்பதால் பரிமாற மறுத்தார்கள். அவர் விடவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் மறியல் செய்தார். 1872, 1873-ம் வருஷங்களில் போட்டு எல்லோரும் மறந்தே போயிருந்த சட்டங்கள் ஓட்டல்களில் பேதம் காட்டக் கூடாது என்று சொல்லியிருந்தன. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1953 ஜூனில் அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. அந்த அம்மையாருக்கு அப்போது 89 வயது. நாமோ நாற்பத்தைந்து ஆனவுடன் "இனிமேல் நமக்கென்ன" என்று உட்கார்ந்துவிடுகிறோம்!

இப்படி வேர் விட்ட ஜனங்கள்தான். 1970-ல் அந்த ஊரில் நூற்றுக்கு 71 பேர் கறுப்பர்கள். 2011-ல் பாதிக்குக் கீழே போயிற்று. 2020 கணக்கெடுப்பில் 41 பேர்தான். எங்கே போனார்கள்? 1991-ல் அந்தப் பக்கத்துக்கு மெட்ரோ ரயில் வந்தது. பிறகு கடைகள், மாடி வீடுகள், நல்ல சம்பளக்காரர்கள். வாடகை ஏறியது, வீட்டு விலை ஏறியது, விலை ஏறினால் வரி ஏறியது. நிறையப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் மேரிலாந்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த அம்மாளுக்கு வாரம் நாலு கடிதம் வரும். 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்' என்று. ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "நான் எப்போ சாவேன்னு எண்ணிக்கிட்டிருக்காங்க" என்றார், சிரித்துக்கொண்டேதான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். என் தங்கை 2021-ல் வாங்கிய வீடு, அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதியின் வீடு. ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர்கள். பாகப் பிரிவினை, வரிப் பாக்கி எல்லாம் சேர்ந்து கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். வாங்கினவர் பளபளவென்று புதுப்பித்துப் பல மடங்கு விலைக்கு விற்றார். கொல்லையில் நிற்கிற அத்தி மரம் அந்தச் சிநேகிதி வைத்தது. அந்த மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று தங்கை வீட்டுக்காரர் அளவு எடுத்து வைத்திருந்தார்.

தங்கை என்ன தப்புச் செய்தாள்? உழைத்த பணத்தில் வங்கிக் கடன் வாங்கி வீடு வாங்கினாள். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனால் தங்கள் தெருவிலேயே ஒருத்தர் அந்நியராகிப் போவது இப்படித்தான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ரேடியோ விஷயமும் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நடந்து போகிற தூரத்தில் ஒரு செல்போன் கடை. இருபது வருஷத்துக்கு மேலாக வாசலில் 'கோ-கோ' இசையை ஒலிபெருக்கியில் வைத்து வந்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்து 1970-களில் வளர்ந்த இசை அது. கொட்டு விடாமல் முழங்க, பாடுகிறவர் கூட்டத்தோடு பேசிக்கொண்டே பாடுவார். 2019-ல், புதிதாக எழும்பிய குடியிருப்பிலிருந்து புகார் போய், இசையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஊரே திரண்டு தெருவில் இறங்கி ஆடிப் பாடியது. இசை திரும்பி வந்தது. 2020-ல் அதையே நகரத்தின் அதிகாரபூர்வ இசை என்று சட்டமே போட்டார்கள். அந்தப் போராட்டத்தில் நின்ற அம்மாளிடம்தான் நான் போய் விரலை ஆட்டியிருக்கிறேன்!

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. யு தெருவில் பென்ஸ் சில்லி போல் என்று ஒரு பலகாரக் கடை. 1958-ல் தொடங்கியவர்கள் பென் அலி, வர்ஜீனியா அலி தம்பதி. பென் அலி இந்திய வம்சாவளி, ட்ரினிடாடிலிருந்து வந்தவர். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது அந்தத் தெரு பற்றி எரிந்தது. ஊரடங்கு நேரத்திலும் இவர்கள் அனுமதி பெற்றுக் கடையைத் திறந்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்ட வருஷங்களில் மற்றவர்கள் மூடிவிட்டுப் போனபோதும் இவர்கள் நின்றார்கள். "வந்தவங்க வரட்டும். வந்து, கூட நிக்கட்டும்" என்றார் அம்மாள்.

கூட நிற்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: காகிதத்தை எடுத்து வைத்துப் பார்ப்பது. மாமனார் வீட்டுப் பட்டா விஷயத்தில் தாலுகா ஆபீசுக்கு நடந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஊரில் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வரிச் சலுகை உண்டு. 65 வயது ஆகி, வருமானமும் ஒரு வரம்புக்குள் இருந்தால் வீட்டு வரியில் பாதி தள்ளுபடி. ஆனால் மனுப் போட வேண்டும். வீடு தன் பேரில் இருக்க வேண்டும். அம்மாளின் வீடோ இன்னும் இறந்துபோன தாயார் பேரிலேயே இருந்தது! அண்ணன் ஒருவர் வெளியூரில். விற்றுப் பங்கைக் கொடு என்கிறார். தங்கை வீட்டுக்காரரிடம், "தம்பி, கார் நிறுத்துகிறது அப்புறம் இருக்கட்டும். இதைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரில் தேடி, இலவசமாக உதவும் வக்கீல்களைக் கண்டுபிடித்து, இரண்டு சனிக்கிழமை அம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். மனுவும் போட்டாயிற்று.

ஆகஸ்டில் அத்தி பழுத்தது. முதல் கூடையை அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதியைச் சிநேகிதிக்கு என்று மேரிலாந்துக்கு எடுத்துப் போனார். நான் கிளம்புகிற ஞாயிறன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய், "அம்மா, ரேடியோ ப்ளீஸ்" என்றேன். இந்தத் தடவை விரலை ஆட்டவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்துக் குமிழைத் திருகினார். குழந்தை கண்ணை உருட்டிக் கேட்டான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அண்ணன் கையெழுத்துப் போடவில்லையாம். வீடு தங்குமா, கை மாறுமா, தெரியாது. மரத்தை மட்டும் இன்னும் வெட்டவில்லை. போனில் பேசும்போதெல்லாம், "அம்மா திண்ணையிலே இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நம் பிள்ளைகள் எந்த ஊருக்கோ போய் வீடு வாங்குகிறார்கள். பால் காய்ச்சிவிட்டுப் போட்டோ அனுப்புகிறார்கள். சந்தோஷம்தான். அப்போது, "பக்கத்து வீட்டிலே யார் இருக்காங்க, எத்தனை வருஷமா இருக்காங்க?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் நுழைகிற வீட்டுக்கு நமக்கு முன்னாலேயே யாரோ விளக்குப் பிடித்திருப்பார்கள்.